சென்னைப் புறநகரில் பழைய வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்னைக்கு மாற்றலாகி வரும் குடும்பங்கள் பலவும் புது பிளாட்டை விட்டுவிட்டு, புறநகரில் முப்பது நாற்பது வருடப் பழைய தனி வீட்டை வாங்கிச் சரிசெய்து குடிபோக நினைக்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் உதிரும் கூரையைக்கூடச் சரிசெய்துவிடலாம். தாழ்ந்த மனையையும் சிக்கலான பத்திரத்தையும் எந்த மேஸ்திரியாலும் சரிசெய்ய முடியாது. அந்தக் கண்ணோடு கீழே உள்ள பதில்களைப் படியுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து வருகிறோம். எனக்குக் கிண்டியில் வேலை, மனைவிக்குச் சிறுசேரியில். மூன்றாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் பிள்ளைகள். எந்தப் பகுதியைப் பார்ப்பது?

உங்களுக்குக் கிண்டிக்கு மின்சார ரயில் இருக்கிறது. தாம்பரத்தில் ஏறினால் குரோம்பேட்டை, பல்லாவரம், பரங்கிமலை தாண்டி கிண்டி. நெரிசல் உண்டு, ஆனால் நேரம் மாறாது. சிறுசேரிக்கு அப்படி ரயில் இல்லை, இன்றைக்குச் சாலைதான் வழி. மாதவரம்–சிறுசேரி மெட்ரோ வேலை நடக்கிறது, அதை நம்பி இப்போதே வீட்டை முடிவு செய்யாதீர்கள். எனவே சாலையில் போகிறவரின் தூரத்தைக் குறைப்பதே நியாயம். தாம்பரம்–வேளச்சேரி சாலையில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் என்று தேடுங்கள். மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு நேர்ச்சாலை. சேலையூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் பக்கம்.

வார நாளில் காலை எட்டரைக்கு இரண்டு பேரும் தனித்தனியாக அந்தப் பாதையில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தரகரின் காரில் போன நேரத்தைக் கணக்கில் வைக்கவே கூடாது.

வந்ததும் வாங்காதீர்கள். பதினோரு மாத ஒப்பந்தத்தில் அதே பகுதியில் வாடகைக்கு இருங்கள். அதற்குள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை ஒருமுறை வந்துபோக வேண்டும். அந்த மூன்று மாதம் சொல்லும் சேதியை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளியைப் பொறுத்தவரை சி.பி.எஸ்.இ. ஏப்ரலில் தொடங்கும், மாநிலப் பாடத்திட்டம் ஜூனில். மாற்றுச் சான்றிதழோடு பிள்ளைகளின் எமிஸ் எண்ணையும் (கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) பழைய பள்ளியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளம் வந்த வீடா என்று கேட்டால் எல்லோரும் "இங்கே வராது" என்கிறார்கள். நாமே எப்படிக் கண்டுபிடிப்பது?

"வருமா?" என்று கேட்காதீர்கள். "2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை நின்றது? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எதுவரை?" என்று கேளுங்கள். விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. தெருமுனை மளிகைக் கடைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர், எதிர் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் ஆகியோருக்கு விலையில் பங்கில்லை, முழங்காலா இடுப்பா என்று கையை வைத்தே காட்டுவார்கள். இரண்டு ஆண்டையும் தனித்தனியாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2015-ல் அடையாற்றங்கரையில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஆறு கரைபுரண்டது. 2023-ல் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி பக்கம் சதுப்புநிலத்துக்கு வடிய வேண்டிய நீர் வடியாமல் தேங்கியது. ஒன்றில் தப்பிய தெரு இன்னொன்றில் மாட்டியிருக்கலாம்.

பிறகு வீட்டைப் பாருங்கள். இடுப்பு உயரம் வரை மட்டும் புதுப் பூச்சோ டைல்ஸோ, சுவரில் ஒரே மட்டத்தில் உப்புப் பூத்த கோடு, மரக்கதவின் அடிப்பாகம் மட்டும் மாற்றியிருப்பது, மின் மீட்டர் பெட்டியைப் பின்னால் மேலே ஏற்றியிருப்பது: இவை எல்லாம் தண்ணீர் வந்துபோன அடையாளங்கள்.

மூன்றாவது, அளந்து பாருங்கள். பத்து மீட்டர் ஒளிபுகும் டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வாசற்படியிலும் மறுமுனையைச் சாலையின் நடு முதுகிலும் பிடித்தால் உயர வித்தியாசம் கிடைத்துவிடும். வீட்டுத் தளம் சாலையைவிட இரண்டரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போடும் ஒவ்வொரு முறையும் வீடு சில அங்குலம் தாழ்கிறது. நாற்பது வருட வீடுகள் பள்ளத்தில் நிற்பது இதனால்தான். சம்ப் எனப்படும் தரையடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி மட்டத்தையும் பாருங்கள். அது சாலைக்குக் கீழே இருந்தால் முதல் மழையிலேயே சாக்கடை நீர் குடிநீரில் கலக்கும்.

ஊர்ப் பெயரும் சாட்சி சொல்லும். தாங்கல், ஏந்தல் என்றாலே நீர் தேங்கிய இடம். அதற்காகப் பழவந்தாங்கலில் வீடே வாங்கக் கூடாது என்பதில்லை. கிராம வரைபடத்தில் ஏரியும் ஓடையும் எங்கே போகின்றன, உங்கள் சர்வே எண் அதற்கு எவ்வளவு பக்கம் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தாழ்ந்த வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாம் என்கிறார்களே?

தூக்கலாம். சுவரே பாரம் தாங்கும் ஒரு மாடி வீட்டில், அடித்தளத்துக்கு மேலே சுவரைச் சிறு சிறு பகுதியாக உடைத்து ஜாக்கிகளை நுழைத்து, எல்லாவற்றையும் ஒரே அளவில் திருகி மூன்றடி வரை உயர்த்தி, இடைவெளியைக் கட்டி நிரப்புகிறார்கள். ஆனால் வீட்டுத் தரை மேலே வராது. தரை, கழிவுக்குழாய், குளியலறை, வாசற்படி எல்லாம் புதிதாகப் போட வேண்டும். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் முடியாது. கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்த வீட்டைத் தூக்கவே கூடாது. வீடு உயர்ந்தாலும் தெருவும் செப்டிக் டேங்கும் தண்ணீரில்தான் இருக்கும். ஏற்கெனவே குடியிருப்பவருக்கு இது வழி. இனிமேல் வாங்கப் போகிறவர் உயரமான தெருவைத் தேடுவதுதான் சரி.

1985-ல் கட்டிய வீடு. இரண்டு அறைகளில் கூரைப்பூச்சு விழுந்து கம்பி தெரிகிறது. "பூசினால் சரியாகிவிடும்" என்கிறார் மேஸ்திரி. வாங்கலாமா?

பூசினால் சரியாகாது. ஏன் விழுந்தது என்று முதலில் தெரிய வேண்டும். மொட்டை மாடியிலிருந்து ஊறும் தண்ணீர், கம்பிக்குக் கீழே போதுமான கான்கிரீட் விடாதது, கட்டும்போது உப்புநீர் பயன்படுத்தியது: பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்று, அல்லது மூன்றும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. துருவை எடுக்காமல் மேலே பூசினால் பூச்சோடு சேர்த்து மறுபடி தள்ளும்.

சிறு சுத்தியலால் கூரை முழுவதும் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் உறுதி, பொத்தென்றால் உள்ளே பிடிப்பு விட்டுவிட்டது. அப்படிப்பட்ட இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு வாருங்கள். குளியலறைக் கூரை, ஓவர்ஹெட் டேங்க் அடிப்பகுதி, சன்ஷேடு, மாடிப்படியின் அடிப்பக்கம் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். தெரியும் கம்பியைத் தேய்த்து, நுண்ணளவு காட்டும் வெர்னியர் கருவியால் அளக்கவும். 8 மில்லி கம்பி 7 மில்லி ஆகியிருந்தால் ஒரு மில்லிதானே என்று தோன்றும். குறுக்குவெட்டில் 23 சதவீதம் போய்விட்டது. அந்த அளவுக்கு வந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்தே ஆக வேண்டும்.

சேதம் கூரையில் மட்டும், அதுவும் கால்பகுதிக்குள் என்றால் சரிசெய்து வாங்கலாம். செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பில்லரிலும் பீமிலும் கம்பி ஓடும் திசையிலேயே நீள விரிசல் இருந்தால், கட்டுமானப் பொறியாளர் பார்த்து எழுதிக் கொடுக்கும்வரை முன்பணம் தராதீர்கள். பெரும்பாலும் அந்த வீட்டை வெறும் மனை விலைக்குத்தான் பேச வேண்டியிருக்கும்.

வேலை முறை இது. கூரைக்கு முட்டு கொடுங்கள். விட்டுப்போன கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும் அளவு கொத்துங்கள். கம்பிப் பிரஷால் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, துத்தநாகப் பிரைமர் அடியுங்கள். பழைய கான்கிரீட்டோடு புதுக் கலவை பிடிக்க ஒட்டுப்பூச்சு பூசி, அது ஈரப்பசையாக இருக்கும்போதே பாலிமர் கலந்த ரிப்பேர் கலவையை மெல்லிய அடுக்குகளாக ஏற்றுங்கள். ஒரே தடவையில் கனமாக வைத்தால் தொங்கி விழும். உப்பேறிய கான்கிரீட்டை ஓரத்தில் விட்டுவைத்தால், ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்துக் கம்பி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். அதனால்தான் தாராளமாகக் கொத்தச் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் முன்னால் மேலிருந்து வரும் தண்ணீரை நிறுத்த வேண்டும். பழைய தட்டோடு, சுண்ணாம்பு–செங்கல் ஜல்லித் தளம் நைந்திருந்தால் அதை எடுத்துவிட்டு, பத்தடிக்கு ஒன்றேகால் அங்குல வாட்டத்தில் புதிதாகப் போடுங்கள். கைப்பிடிச் சுவர் சேரும் மூலையை வளைவாகப் பூசுங்கள். கசிவு அதிகமும் அங்கேதான் தொடங்கும். சோதனைக்கு இரண்டு நாள் தண்ணீர் கட்டச் சொல்வார்கள். இரண்டங்குலத் தண்ணீர் 800 சதுர அடி மாடியில் ஏறத்தாழ மூன்றே முக்கால் டன். முட்டு கொடுக்காத, கம்பி தெரியும் கூரைமேல் அந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல். பயப்பட வேண்டுமா?

முடிபோன்ற விரிசல் பூச்சுக் குறை. சாய்வாக, ஒரு முனை அகன்று, செங்கல் இணைப்பைப் படிக்கட்டுபோலத் தொடர்ந்தால் அஸ்திவாரம் ஒருபக்கம் இறங்குகிறது. பழையதா, இன்னும் நகர்கிறதா என்பதே கேள்வி. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சிமென்டால் ஒட்டித் தேதி எழுதுங்கள். உடைந்தால் நகர்கிறது. களிமண் பகுதிகளில் கோடையிலும் மழையிலும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அப்பா பெயரில் உள்ள வீட்டைப் பிள்ளைகள் விற்கிறார்கள். ஒருவர் வெளிநாட்டில். என்னென்ன பார்க்க வேண்டும்?

அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்த இந்துக் குடும்பம் என்றால் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய தாயார் ஆகிய எல்லோருக்கும் பங்கு உண்டு. "கல்யாணத்திலேயே தங்கச்சிக்குச் செய்துவிட்டோம்" என்பது சட்டத்தில் செல்லாது. அவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும், இல்லையேல் அவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வாரிசுச் சான்றில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். மைனர் பங்கு இருந்தால் வக்கீலைக் கேட்காமல் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

முப்பது வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் முதல் எல்லாப் பத்திரங்களின் தொடர்ச்சி, பட்டா, நகர்ப்பகுதியானால் டவுன் சர்வே பதிவு, கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது எல்லாவற்றையும் அசலாகப் பாருங்கள். பத்திரத்து அளவும் பட்டா அளவும் மனையில் டேப் பிடித்த அளவும் ஒத்துப்போக வேண்டும். அனுமதியற்ற மனைப்பிரிவு என்றால், 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் முறைப்படுத்தப்பட்டதா என்று கேளுங்கள். வங்கி முதலில் கேட்பதும் அதைத்தான்.

விலை 50 லட்சம் அல்லது அதற்குமேல் என்றால் வாங்குபவர் ஒரு சதவீத வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். வெளிநாடு வாழ் பங்குதாரருக்கு இந்த விதி பொருந்தாது. அவர் பங்குக்கு விகிதமும் அதிகம், விலை வரம்பும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே சதவீதம் பிடித்துவிட்டால் மீதிக்கு வரித்துறை உங்களைத்தான் கேட்கும். ஆடிட்டரைப் பத்திரத்துக்கு முன்பே பாருங்கள்.

பதிவுச் செலவு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. கட்டடத்தின் மதிப்பும் இதில் சேரும். வங்கிக் கடன் 30 முதல் 75 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். அந்த மதிப்பில் பத்திரச் செலவைச் சேர்க்க மாட்டார்கள். எனவே 20 சதவீதம், பத்திரச் செலவு, ரிப்பேர்ப் பணம் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

போர் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். சோதிக்க வேண்டுமா?

டிசம்பரில் எல்லா போரும் நன்றாகத்தான் இருக்கும். ஏப்ரல், மே மாதத்தில் எடுத்த தண்ணீரைச் சோதனைக்கூடத்தில் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பல்லாவரம், குரோம்பேட்டையில் தோல் பதனிடும் ஆலைகள் இருந்த பகுதிகளில் குரோமியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் பழைய கிணறு இருந்தால் மூடாதீர்கள். மொட்டை மாடி நீரை வடிகட்டி அதில் இறக்குங்கள்.

வேலை நடக்கும்போதே குடியிருக்கலாமா? எதை முதலில் செய்வது?

சின்னக் குழந்தையும் வயதானவர்களும் இருந்தால் வேண்டாம், கொத்தும் தூசி இருமலில் கொண்டுவிடும். வாடகை வீட்டை மூன்று மாதம் நீட்டித்துக்கொள்ளுங்கள்.

கூரையும் பில்லரும் முதலில். பிறகு கரையான் மருந்து: சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒன்றாக 12 மில்லி துளையிட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்துக் கரைசல் இறக்க வேண்டும். டைல்ஸ் போட்ட பிறகு இதைச் செய்தால் புதுத் தரையைத் துளைப்பீர்கள். அடுத்து குழாய். பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை ஒட்டுப்போட வேண்டாம், முழுவதும் மாற்றுங்கள், சுடுநீருக்குச் சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. சுவரை மூடுவதற்கு முன் அழுத்தம் ஏற்றி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். வயரிங்கில் விளக்குக்கு 1.5, சாதாரண பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் தனித்தனியாக 4 சதுர மில்லி செம்பு வயர். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் புது எர்த் குழியும் கட்டாயம். பழைய வீடுகளில் பிளக்கின் மூன்றாவது துளை பல இடங்களில் எர்த் இணைப்பில்லாத வெறும் துளைதான்.

பிறகு பூச்சு, தரை, கடைசியில் பெயின்ட். புதுப்பூச்சு நான்கு வாரமாவது காயாமல் பெயின்ட் அடித்தால் உரியும். பழைய தரைமேலேயே டைல்ஸ் ஒட்டினால் மட்டம் ஓர் அங்குலம் ஏறும். கதவுகளின் அடியை அறுக்க வேண்டும், குளியலறைத் தரை தாழ்ந்திருக்கிறதா என்றும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு பணத்தை ஒதுக்குங்கள். மேஸ்திரிக்கு வேலை முடிந்த பகுதிக்கு மட்டும் பணம். கூரை வேலையின் கடைசித் தவணையை ஒரு நல்ல மழை பெய்து, சுத்தியலால் மறுபடி ஒரு சுற்றுத் தட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள்.