வைகை எக்ஸ்பிரஸில் எதிர் இருக்கை

வணக்கம் சார்,

போன மாதம் திண்டுக்கல்லில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறினேன். எதிர் சீட்டில் இருந்தவரைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்தியாவுக்காக வாலிபால் ஆடியவர். பெயரைப் போட வேண்டாம், அவருக்குச் சங்கடமாக இருக்கலாம்.

1993 பொங்கலுக்கு எங்கள் ஊரில் நடந்த ராத்திரி டோர்னமென்டுக்கு அவர் டிபார்ட்மென்ட் டீமோடு வந்திருந்தார். எனக்கு அப்போது பதினான்கு வயது. பைனலில் கடைசிப் பந்துக்கு அவர் எகிறியபோது எதிரில் மூன்று பேர் பிளாக்குக்கு எகிறினார்கள். ஸ்மாஷ்தான் என்று ஊரே கத்தியது. அவர் விரல் நுனியால் பந்தை அவர்கள் தலைக்கு மேல் தட்டி, ஆளில்லாத இடத்தில் வைத்துவிட்டார். அதை எடுக்கப் பாய்ந்த பையன் குப்புற விழுந்தான். இவர் நெட்டுக்கு அடியில் குனிந்து போய் அவனைத் தூக்கிவிட்டு, பனியனில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். அதற்கப்புறம்தான் சொந்த டீம்காரர்களிடம் போனார்.

ரயிலில் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். "சென்னைக்கா சார்?" என்று கேட்டேன். "இல்ல தம்பி, விழுப்புரம்" என்றார். அவ்வளவுதான். ஒரு செல்ஃபி எடுக்கக்கூடத் தோன்றவில்லையா என்று வீட்டில் கேட்கிறார்கள். செல்ஃபி போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஏன் வாய் திறக்கவில்லை? நான் என்ன ரசிகன் சார்?

எஸ்.எம்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.எம்.,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் அந்த மண்ணைத் தட்டிவிட்ட இடத்தில் நின்றுவிட்டேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் மூங்கில் கம்பத்தில் கட்டிய டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்ததை இப்படி எழுத முடிகிற ஒருவர் நான் என்ன ரசிகன் என்று கேட்டால் நான் எப்படி ஒத்துக்கொள்வது? அவர் முகம் மாறியிருக்கும், முடி போயிருக்கும், நீங்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

வாய் வராமல் போனதற்குக் காரணம் பயம் என்று நான் நினைக்கவில்லை. 'நான் உங்க பெரிய ரசிகன் சார்' என்ற வரி உங்களுக்குப் போதவில்லை. யாரும் யாருக்கும் சொல்லக்கூடிய வரி அது. உங்களிடம் இருந்தது அதைவிடப் பெரிது, அதை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழுப்புரம் வந்துவிட்டது. சரி, பந்தைத் தட்டி வைத்த இடத்திலிருந்து ஆரம்பித்திருக்கலாம்.

2019 டிசம்பரில் சச்சின் டெண்டுல்கர் ட்விட்டரில் ஒரு வீடியோ போட்டு ஒருவரைத் தேடினார், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பல வருஷங்களுக்கு முன்னால் டெஸ்ட் மேட்சுக்காகச் சென்னை வந்து தாஜ் கொரமண்டலில் தங்கியிருந்தபோது காபி கேட்டிருக்கிறார். வந்த ஊழியர், தப்பாக நினைக்கவில்லை என்றால் கிரிக்கெட் பற்றி ஒன்று சொல்லலாமா என்று அனுமதி கேட்டுவிட்டு, நீங்கள் எல்போ கார்ட் (முழங்கையில் அடி படாமல் கட்டிக்கொள்ளும் காப்பு) போட்டு ஆடும்போது உங்கள் பேட் வீச்சு மாறுகிறது என்று சொல்லியிருக்கிறார். எப்படித் தெரியும்? ஒவ்வொரு பந்தையும் ஐந்து, ஏழு தடவை ரீவைண்ட் செய்து பார்ப்பாராம். இதைக் கண்டுபிடித்த ஒரே ஆள் உலகத்திலேயே நீங்கள்தான் என்று சச்சின் அவரிடமே சொல்லியிருக்கிறார். அப்புறம் கார்டின் அளவு, உள்ளே வைக்கும் பஞ்சு, வார் வரும் இடம் எல்லாவற்றையும் மாற்றிச் செய்துகொண்டார்.

அந்த மனிதர் யார் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. பெரம்பூர்க்காரர். சச்சினின் நினைவில் அவர் காபி கொண்டுவந்தவர். அவர் சொன்னதோ வேறு: ஹோட்டலில் பாதுகாப்புப் பணியில் நின்றிருந்தாராம், கையில் வேறு காகிதம் இல்லாமல் டியூட்டி நோட்டிலேயே கையெழுத்து வாங்கினாராம். எனக்கு இந்த வேறுபாடுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது. என்ன உடுப்பில் இருந்தார், எங்கே நின்று பேசினார் என்பதெல்லாம் அத்தனை வருஷத்தில் குழம்பிவிட்டது, சொன்ன சொல் மட்டும் அப்படியே இருக்கிறது. சச்சினைச் சுற்றி எத்தனை பயிற்சியாளர்கள், எத்தனை கேமராக்கள்! அத்தனைக்கும் நடுவில், டிவி முன்னால் உட்கார்ந்து ஒரே பந்தை ஏழாவது தடவை பார்த்த ஒருவரின் கண்ணுக்குத்தான் அது பட்டது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. விஸ்வநாதன் ஆனந்த் தன் சின்ன வயதில் நடந்ததாகச் சொல்லியிருப்பது. ரயிலில் பக்கத்தில் இருந்த பெரியவர் என்ன செய்கிறாய் என்று கேட்க, செஸ் ஆடுகிறேன் என்றிருக்கிறார். அதெல்லாம் சோறு போடாது, விஸ்வநாதன் ஆனந்த் மாதிரி இருந்தால் வேண்டுமானால் பிழைக்கலாம் என்று அந்தப் பெரியவர் அக்கறையோடு எடுத்துச் சொல்லியிருக்கிறார். பெயர் தெரிந்திருக்கிறது, பெயர் மேல் மரியாதையும் இருந்திருக்கிறது, ஆள் எதிரே இருந்தும் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், செஸ்ஸில் யார் முகத்தைப் பார்த்தார்கள்? பேப்பரில் வரும் பெயரும் நகர்த்தல்களும்தான். ஆனால் உங்கள் ரயிலில் நடந்தது அது இல்லை, எஸ்.எம். நீங்கள் பார்த்தீர்கள், கண்டுகொண்டீர்கள். பாதி வேலை முடிந்துவிட்டது.

மீதிப் பாதியும் கைகூடினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். கோவில்பட்டியில் ஹாக்கி பார்க்கப் போயிருந்த ஒரு காலை. டீக்கடையில் என் பக்கத்தில் லுங்கியும் துண்டுமாக நின்றவர், நான் காலேஜ் நாளில் பார்த்த ஆட்டக்காரர். எதிர் டீமுக்குப் பெனால்டி கார்னர் (தப்புக்குத் தண்டனையாகக் கோலை நோக்கி அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு) வந்தால் கோல் லைனிலிருந்து முதல் ஆளாகப் பாய்ந்து, அடிக்கிறவனை நோக்கி நேராக ஓடுவார். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அண்ணாச்சி, பந்து உங்க மேலதான் வருதுன்னு தெரிஞ்சே ஓடுவீங்களே, கண்ணை மூடிக்கிட்டா ஓடுனீங்க?" என்று கேட்டேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். டீ கிளாஸைக் கீழே வைத்தார். என் கிளாஸையும் வாங்கி வைத்தார். "இது கீப்பர், இது அடிக்கிறவன்" என்று பெஞ்சில் விரலால் கோடு போட்டு, தான் எந்தக் கோட்டை விட்டு விலகாமல் ஓட வேண்டும், அப்படி ஓடினால்தான் ஒரு பக்கம் தன் உடம்பு அடைக்கும், மறுபக்கம் கீப்பருக்குத் திறந்து தெரியும் என்று விளக்கினார். "கண்ணை மூடுனா கோடு மாறிப்போயிரும்லா" என்றார். அப்புறம் லுங்கியைக் கொஞ்சம் தூக்கி முழங்காலுக்குக் கீழே காட்டினார். எலும்பில் கட்டை விரல் பதிகிற அளவுக்குப் பள்ளம். டீ ஆறிப்போய் இன்னும் இரண்டு சொன்னோம். காசு அவர்தான் கொடுத்தார், என்னை விடவே இல்லை.

அவரிடம் அந்த ஓட்டத்தைப் பற்றி அதற்கு முன்னால் யாராவது கேட்டிருப்பார்களா என்று இப்போதும் யோசிப்பேன். கோல் போட்டவரின் பெயர்தான் பேப்பரில் வரும். முதலில் ஓடியவருக்கு அடி மட்டும்தான். உங்கள் வாலிபால்காரரும் ஆயிரம் ஸ்மாஷ் அடித்திருப்பார், அதை ஊரே கொண்டாடியிருக்கும். அந்தப் பையனின் பனியன் மண்ணைத் தட்டிவிட்டதை அவரிடம் எடுத்துச் சொல்ல இந்த உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவருக்கே மறந்திருக்கலாம்.

அதனால் நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். உங்கள் மாவட்ட வாலிபால் சங்கத்தில் விசாரித்தால் அவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க யாராவது கிடைப்பார்கள், பழைய ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் தொடர்பில்தான் இருப்பார்கள். எனக்கு எழுதியிருக்கும் இரண்டாவது பத்தியை அப்படியே, ஒரு சொல் மாற்றாமல் எழுதுங்கள். ரயிலில் எதிரே உட்கார்ந்து 'சென்னைக்கா' என்று கேட்டது நான்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சர்வீஸ் கையில் இருந்தால்தான் பாயின்ட் என்று இருந்த காலம் அது, 15 பாயின்ட் செட் நள்ளிரவு தாண்டியும் இழுக்கும். அந்தக் கடைசி செட் ஸ்கோர் ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள். தப்பாக இருந்தால் அவர் திருத்தி அனுப்புவார்.