ஐஸ்காரர் பதில்கள்: தரங்கம்பாடிக்கு வந்திருக்க வேண்டியவர்

போன இதழில் பேச்சுவாக்கில், பாய்மரக் காலத்தில் துருவக் கடல் ஐஸில் கப்பல்கள் மாட்டி நின்றதைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டேன். தரங்கம்பாடியில் முப்பது வருஷம் ஐஸ் பிளாண்ட் நடத்தியவன் இதைத் தொட்டால் சும்மா விடுவார்களா? தபால் குவிந்துவிட்டது. இந்த முறை முழுக்க அதுதான்.

கே: கடல் தண்ணீர் உறைந்தால் அந்த ஐஸும் கரிக்கத்தானே செய்யும்? குடிக்க என்ன செய்தார்கள்?
- உப்பளத் தொழிலாளி ஒருவர், வேதாரண்யம்

ப: உங்கள் பாத்தியில் வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறது. குளிர் இதையே தலைகீழாகச் செய்யும். தண்ணீரை இறுக்கி உப்பை வெளியே தள்ளும். எங்கள் பிளாண்டில் ஐஸ் பாரை உடைத்தால் ஓரமெல்லாம் கண்ணாடியாக இருக்கும், நடுத்தண்டு மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். ஓரத்திலிருந்து உறைந்துகொண்டு வரும்போது தண்ணீரிலுள்ள காற்று, உப்பு, அழுக்கு எல்லாம் உள்ளே ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறது. கடலிலோ உப்பு கீழே இறங்கிப் போக இடம் இருக்கிறது. புது ஐஸ் கொஞ்சம் கரிக்கும். ஒரு கோடையைத் தாண்டிய பழைய ஐஸில் உப்பு வடிந்துபோயிருக்கும்.

மலை மாதிரி மிதந்து வருகிறதே, அது கடல் தண்ணீரே இல்லை. தரையில் பெய்த பனி காலங்காலமாக இறுகி, உடைந்து கடலில் விழுந்த துண்டு. 1773 ஜனவரியில் ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக் தென்கோடிக் கடலில் படகுகளை இறக்கி, மிதந்த ஐஸை உடைத்து ஏற்றி, உருக்கி 15 டன் நல்ல தண்ணீர் எடுத்தார். அதே மாதம் 17ஆம் தேதி அவர் கப்பல் தென் துருவ வட்டத்தைத் தாண்டியது. கடலோரத்தில் போர் போட்டு உப்புத் தண்ணீர் வந்து, லாரித் தண்ணீர் வாங்கி ஐஸ் போட்டவன் நான். மனுஷனுக்கு அந்தச் செலவு மிச்சம்.

கே: வேறு வேலை இல்லாமலா அந்த ஐஸுக்குள் போனார்கள்? இதற்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம்?
- கல்லூரி மாணவி, மயிலாடுதுறை

ப: நம் பக்கத்துக்கு வரத்தான் அம்மா போனார்கள்! மிளகும் துணியும் வேண்டும். ஆப்பிரிக்காவைச் சுற்றி வருவதோ கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகத் திருச்சிக்குப் போய்த் திரும்புகிற கதை. வழியெல்லாம் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் வேறு. உலக உருண்டையைப் பார்த்தால் வடக்கே மேலே ஏறி இறங்கினால் கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றும். அந்த ஆசையில்தான் ஒருவர் பின் ஒருவராகப் போய் மாட்டினார்கள்.

இதில் தரங்கம்பாடிக்காரன் சொல்லியே ஆகவேண்டிய ஒரு கதை உண்டு. டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்தியான் 1618இல் கிழக்கே கப்பல் அனுப்பினார். அதற்குத் தலைமை தாங்க இருந்தவர் யென்ஸ் முங்க் என்ற பழுத்த மாலுமி. புறப்படுகிற சமயத்தில் அவரை நீக்கிவிட்டு, ஓவே கெட்டே என்ற பிரபு வீட்டு இளைஞரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். கெட்டே வந்து சேர்ந்தது நம் கடற்கரைக்கு. 1620 நவம்பரில் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் ஆனது. இன்றைக்கு டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோமே டேனிஷ் கோட்டை, அது அப்படி வந்ததுதான்.

சரி, முங்க் என்ன ஆனார்? 1619 மே மாதம் அதே ராஜா அவருக்கு இரண்டு கப்பல் கொடுத்து, வடமேற்கு வழியாக ஆசியாவுக்குப் பாதை தேடச் சொன்னார். செப்டம்பரில் ஹட்சன் விரிகுடாவில், இன்றைய கனடாவின் சர்ச்சில் ஆற்று முகத்துவாரத்தில் ஒதுங்கினார். அப்புறம் கடல் உறைந்துவிட்டது. கிறிஸ்துமஸ் அன்று பாதிரியார் பூசை செய்ய, காசில்லாத மாலுமிகள் வெள்ளை நரித்தோலைக் காணிக்கையாகப் போட்டார்கள். ஒரு கோட்டுக்கு உள்துணி தைக்கிற அளவு சேர்ந்ததாம். அதைப் போட்டுக்கொள்ளப் பாதிரியாருக்குத்தான் ஆயுள் இல்லை என்று முங்க் தன் குறிப்பில் எழுதுகிறார்.

கொன்றது குளிர்தான் என்று நினைப்போம். பெரும்பங்கு ஸ்கர்வி நோய்க்கு. பச்சைக் காய்கறி, பழம் மாதக்கணக்கில் வாயில் படாவிட்டால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிய புண் திரும்ப வாய் திறக்கும். தரை கல்லாக இறுகியிருந்தது. குழி வெட்டத் தெம்பு இருந்தவர்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். ஜூன் 4ஆம் தேதி முங்க் உலகத்துக்கே விடைசொல்லி எழுதிவைத்துவிட்டுப் படுத்துவிட்டார். ஆனால் கரையில் இரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். பனி விலகிய மண்ணில் தலைகாட்டிய பச்சையை, வேரோடு பிடுங்கி மூவரும் சப்பினார்கள். அவ்வளவுதான் மருந்து. எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்! நம் வரப்பில் பொன்னாங்கண்ணியும் கொல்லையில் முருங்கையும் கேட்பாரற்றுக் கிடப்பதை அவர்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

அறுபதுக்கும் மேல் போனதில் மிச்சம் மூன்று பேர். சின்னக் கப்பலை மட்டும் கிளப்பி, பதினாறு பேர் பார்க்க வேண்டிய வேலையை மூவரே பார்த்து, 67 நாளில் நார்வே வந்து சேர்ந்தார்கள். அது 1620 செப்டம்பர். இரண்டே மாதத்தில் இங்கே தரங்கம்பாடி ஒப்பந்தம். கோட்டைச் சுவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குக் கெட்டே ஞாபகம் வருவதில்லை, முங்க் ஞாபகம்தான்.

கே: ஐஸ் நெருக்கினால் மரக் கப்பல் தாங்குமா?
- படகு கட்டுகிறவர், நாகப்பட்டினம்

ப: பெரும்பாலும் தாங்காது. டச்சு மாலுமி வில்லெம் பேரன்ட்ஸ் 1596இல் ஐஸில் மாட்டிய கப்பலை அப்படியே விட்டுவிட்டு, ஒதுங்கிய மரத்தால் வீடு கட்டிக் குளிர்காலத்தைக் கழித்தார். ஆங்கிலேயர் வேறு யுக்தி செய்தார்கள். குண்டு வீசும் பீரங்கியின் உதையைத் தாங்கக் கட்டிய தடித்த போர்க்கப்பல்களைத் துருவத்துக்கு அனுப்பினார்கள். எரிபஸ், டெரர் அந்த ரகம். 1845இல் வடமேற்கு வழி தேடிப் போன ஆங்கிலேயத் தளபதி ஃபிராங்க்ளினோடு 129 பேரை ஏற்றிப் போன அவையும் ஐஸில் சிக்கின, ஒருவரும் திரும்பவில்லை. நீங்கள் ரசிக்கப்போவது நார்வேக்காரர் நான்சென்னின் ஃபிராம் கப்பலைத்தான். அடிப்பக்கத்தை உருட்டையாகச் செய்திருந்தார்கள். ஐஸ் நெருக்கினால் நொறுங்காமல், விரலிடையில் அழுத்திய புளியங்கொட்டையாக மேலே வழுக்கி ஏறிவிடும்.

கே: அங்கே மாதக்கணக்கில் சூரியனே வராதாமே, பொழுது எப்படிப் போகும்?
- ஏழாம் வகுப்பு மாணவன், திருவாரூர்

ப: நாடகம் போட்டார்கள் தம்பி! 1819இல் ஆங்கிலேய மாலுமி எட்வர்ட் பாரியின் கப்பல்கள் கனடாவின் வடகோடியில் மெல்வில் தீவில் மாட்டின. ஏறக்குறைய மூன்று மாதம் இருட்டு. அதிகாரிகளே பெண் வேஷம் கட்டினார்கள், கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். பாரி இன்னொன்றும் செய்தார். தன் அறையில் அடுப்புக் குழாய் ஓரம் பெட்டியில் மண் போட்டு கடுகும் கீரையும் விதைத்தார். வெளிச்சமே படாததால் நம் மாரியம்மன் கோயில் முளைப்பாரி மாதிரி வெளிறித்தான் வளர்ந்தது. ஸ்கர்வி வந்து படுத்திருந்த பீரங்கிக்காரருக்கு அதைக் கிள்ளிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் ஆள் எழுந்து நடந்தார்.