பாட்டை அணைத்துவிட்ட அப்பா

கேள்வி: எங்கள் ஊர் குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு 70 வயது. நாற்பது வருடத்துக்கு மேல் ரப்பர் பால் வெட்டினார். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகும்போது சட்டைப் பையில் போன் பாடிக்கொண்டே இருக்கும். பாதிக்கு மேல் பின்னணிப் பாடகர் ஜெயச்சந்திரன் பாட்டுதான். முட்டுவலி வந்து போன ஐப்பசியோடு வெட்டை நிறுத்திவிட்டார். ஜனவரியில் ஜெயச்சந்திரன் இறந்த அன்று டிவி முன்னால் உட்கார்ந்து அழுதார். அதற்குப் பிறகு வீட்டில் பாட்டே இல்லை. நான் வைத்தாலும் “வேண்டாம் மக்ளே, அணை” என்கிறார். ஐந்து மாதமாகிறது. “சித்தப்பா செத்தப்பகூட அழாத மனுசன் சினிமாப் பாட்டுக்காரனுக்கு அழுறாரு” என்று தம்பி அவர் காதுபடவே சொல்கிறான். அப்பாவைப் பழையபடி ஆக்க என்ன செய்வது?
– வாசகி, குலசேகரம்

பதில்: அன்புள்ள சகோதரி,

துஷ்டி வீட்டில், அதாவது சாவு விழுந்த வீட்டில், நாம் ரேடியோ வைப்பதில்லை. உங்கள் அப்பா செய்துகொண்டிருப்பது அதைத்தான். ஐந்து மாதமாக அவர் துக்கம் காக்கிறார். வீட்டில் யாரும் அதைத் துக்கமாக எண்ணாததால், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை. ‘போதும், எழும்பும்’ என்று முடித்துவைக்கவும் ஆளில்லை.

தம்பியின் கேள்விக்கு முதலில் வருகிறேன். சித்தப்பா இறந்த அன்று உங்கள் அப்பாவுக்கு எத்தனை வேலை இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், பந்தலுக்கும் நாற்காலிக்கும் ஆள் பிடிக்க வேண்டும், வந்தவர்களுக்குக் கட்டன் சாயா கொடுக்க வேண்டும், அடியந்திரம் என்கிற கருமாதிக்குச் சாமான் வாங்க வேண்டும். பதினாறு நாளும் ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருந்திருப்பார்கள். அழாவிட்டாலும் அந்தத் துக்கத்துக்குப் போக ஒரு வழி இருந்தது. ஜெயச்சந்திரன் போனபோது அவருக்கு என்ன இருந்தது? டிவியில் கொஞ்ச நேரம் பழைய பாட்டுகளின் துண்டு, அது முடியுமுன் விளம்பரம். மறுநாள் வேறு செய்தி. அந்த வீட்டுக்கு இவர் போகவும் முடியாது, ‘உமக்கு வேண்டப்பட்டவர் போய்விட்டாராமே’ என்று இவரிடம் கேட்க யாரும் வரப்போவதும் இல்லை. அழுததுதான் அவர் செய்ய முடிந்த ஒரே காரியம். அதையும் மகன் குத்திக்காட்டினால் மனுசன் எங்கே போவார்?

ஜெயச்சந்திரன் உங்கள் அப்பாவுக்கு யார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் பாடிய பாட்டு முதன்முதலில் வெளிவந்தது 1966-இல். உங்கள் அப்பாவுக்கு அப்போது வயது 11. 1956 நவம்பர் 1-இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் கேரளப் பக்கத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆனால் இங்கே கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் திருவனந்தபுரம் வானொலியை யாரும் அணைத்துவிடவில்லை. அவருடைய ‘அனுராக கானம் போலே’ என்ற மலையாளப் பாட்டு வந்தபோது அப்பா பள்ளிக்கூடப் பையன். ‘ராசாத்தி உன்ன’ பாட்டு வந்த 1984-இல்தான் நாகர்கோவில் வானொலி நிலையமும் தொடங்கியது. அப்பாவுக்கு வயது 29, வெட்டுக்குப் போக ஆரம்பித்த காலமாக இருக்கும். 2025 ஜனவரி 9-இல் திருச்சூரில் ஜெயச்சந்திரன் இறந்தபோது அவருக்கு வயது 80. அம்மா வருவதற்கு முன்னால், நீங்களும் தம்பியும் பிறப்பதற்கு முன்னால் வந்து, கடைசிவரை கூடவே இருந்த குரல் அது.

அது கூட இருந்த இடத்தையும் பாருங்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் பால்வெட்டுக்காரர்கள் இருட்டிலேயே மரத்தடிக்குப் போகிறார்கள். ஒரு மரத்தில் கத்தியை இழுத்து, சிரட்டையை நேராக்கி, அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டும். நெற்றி வெளிச்சம் பட்ட இடம் தவிர மற்றதெல்லாம் இருட்டு. பேச்சுத்துணை கிடையாது. அந்த நேரத்தில் பையிலிருந்து பாடியவரைத் தம்பி ‘சினிமாப் பாட்டுக்காரன்’ என்கிறான். நம் ஒழுகினசேரியில் பிறந்த சினிமாக் கலைஞர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1957-இல் இறந்தார், 48 வயதில். நாகர்கோவிலில் அவர் சிலைக்கு இன்றும் மாலை போடுகிறோம். போடுகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் அவர் இருந்த காலத்தில் பிறக்கவே இல்லை. கலைஞர்களை மறக்காத ஊர்க்காரன் தம்பி, அவனிடம் இதைச் சொல்லுங்கள்.

வெட்டு நின்றதும் ஜெயச்சந்திரன் போனதும் சில மாத இடைவெளியில் நடந்திருக்கின்றன. அதைக் கேட்டதும் ‘இது பாட்டுக்காரருக்கான அழுகை இல்லை, வேலை போன வருத்தம்தான் இப்படி வருகிறது’ என்று விளக்கம் சொல்ல நாலுபேர் வருவார்கள். அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். வேலை போன வருத்தமும் அதில் கலந்திருக்கலாம். ஆனால் அவர் ஜெயச்சந்திரனுக்காக அழுதார். அதை வேறொன்றாக மாற்றிச் சொன்னால், அதுவும் தம்பி செய்ததைப் போலத்தான் ஆகும்.

இப்போதைக்குப் பாட்டு வைத்துப் பார்க்க வேண்டாம். போனில் இருக்கும் மெமரி கார்டைப் பத்திரமாக வைத்திருங்கள், பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஒருநாள் விடியற்காலையில் அவருக்குச் சாயா கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். நாற்பது வருடப் பழக்கம், அந்த நேரத்தில் அவர் விழித்துத்தான் இருப்பார். ‘அவர் பாட்டை நீங்க முதல்ல எங்க வச்சுப்பா கேட்டீங்க?’ என்று கேளுங்கள். துஷ்டி கேட்பது போலத்தான். யார் வீட்டு ரேடியோ, கூட யார் இருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வருவார். அழுதால் அழட்டும், நீங்கள் எழுந்துவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு இந்தத் துக்கத்தை முடித்துவைக்க வேண்டும். நம் வழக்கத்தில் துக்கக்காரர் தானாக எழுந்து வேலைக்குப் போவதில்லை, அடியந்திரம் கழித்து மற்றவர்கள்தான் எழுப்பிவிடுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து, அவரோடு வெட்டுக்குப் போன பழைய கூட்டாளிகள் ஒன்றிரண்டு பேரை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். மீன்குழம்பு வையுங்கள். மரத்தைப் பற்றியும் ரப்பர் ஷீட் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டே அவர்கள் பாட்டுப் பேச்சுக்கு வந்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாப்பாடு குறைவது, இரவு முழுக்கத் தூக்கமில்லாதது, குளிக்க மனமில்லாதது, ‘நானும் போய்விட்டால் நல்லது’ என்ற பேச்சு, இவற்றில் எது தெரிந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

கூட்டாளிகள் வரும் அன்று தம்பியும் வீட்டில் இருக்கட்டும். காதுபடச் சொன்னதற்கு அவன் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. போனை எடுத்து அப்பா கையில் கொடுத்து, ‘எந்தப் பாட்டு வைக்கணும்பா?’ என்று அவன் கேட்டால் போதும். அன்றும் வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள், இன்னொரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.