கதவில் ஒட்டிக்கொண்ட பிரஷ் முடி

கேள்வி: மரக்கதவுக்கு எனாமல் அடித்தேன். முடி உதிர்ந்து பெயிண்டிலேயே ஒட்டிக்கொண்டது. கோடு கோடாகவும் தெரிகிறது. அதே பிரஷ்ஷால் எமல்ஷன் அடித்தால் முடி தொளதொளத்துப் போகிறது. எதை வாங்குவது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டுக்கும் ஒரே பிரஷ் ஆகாது. எமல்ஷனில் தண்ணீர் உண்டு; பன்றிமுடி அதைக் குடித்து ஊதி, விறைப்பை இழந்துவிடும். அதற்கு நைலான் அல்லது பாலியெஸ்டர் இழை பிரஷ் வாங்குங்கள். எனாமல், வார்னிஷுக்குப் பன்றிமுடிதான் அருமை. ஒவ்வொரு முடியின் நுனியும் பிளந்திருப்பதால் பெயிண்டைப் பிடித்துவைத்துச் சீராக இறக்கும்.

கடையிலேயே முடியை விரித்து நடுவில் பாருங்கள். மலிவு பிரஷ்ஷில் உள்ளே அகலமான கட்டையைச் செருகி, குறைந்த முடியைத் தடிமனாகக் காட்டியிருப்பார்கள். உள்ளங்கையில் அழுத்திவிட்டால் முடி நிமிர வேண்டும். இழுத்தால் ஓரிரு முடி வரலாம், கொத்தாக வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஜன்னல் கம்பிக்கு 1 அங்குலம், கதவுக்கு 2 அல்லது 2½ போதும். புதுப் பிரஷ்ஷைத் தட்டி உதறிவிட்டு, முடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் முக்குங்கள். தகரப் பட்டைவரை ஏறிய பெயிண்ட் அங்கேயே இறுகி, முடியை விரித்துவிடும்; பிறகு எவ்வளவு கழுவினாலும் சரியாகாது.

கோடு விழுவதற்கு இன்னொரு காரணம், காயத் தொடங்கிய பெயிண்டின் மேல் திரும்பத் திரும்ப ஓட்டுவது. இப்போதுள்ள கதவு நன்றாகக் காய்ந்ததும் 320 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, மெல்லிய கோட் ஒன்று கொடுங்கள். வேலை முடிந்த கையோடு பிரஷ்ஷை டர்பன்டைனில் அலசி, பிறகு சோப்பு நீரில் கழுவித் தொங்கவிடுங்கள்.