விண்கல் மோதல்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: நிலாவில் இருக்கிற பள்ளங்கள் எல்லாம் ஏன் வட்டமாகவே இருக்கின்றன? எல்லாக் கல்லும் செங்குத்தாகவா விழுந்தது?

பதில்: இல்லை, பெரும்பாலானவை சாய்வாகத்தான் விழுந்தன. ஈர மணலில் ஒரு கோலிக்குண்டைச் சாய்வாக எறிந்தால் குழி நீளமாக இழுபட்டிருக்கும், அதை மனதில் வைத்துத்தான் எல்லாரும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். ஆனால் நொடிக்கு 20 கி.மீ. வேகத்தில் வருகிற கல் குழி தோண்டுவதில்லை, வெடிக்கிறது. அந்த வேகத்தில் ஒரு கிலோ கல்லிடம் சுமார் 48 கிலோ டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றல் இருக்கிறது. தரையைத் தொட்ட கணமே அது வெப்பமாகவும் அதிர்ச்சி அலையாகவும் மாறி நாலாபுறமும் பரவுவதால் பள்ளம் வட்டமாகிறது. தரையை உரசுகிற மாதிரி ரொம்பத் தாழ்வாக வந்தால் மட்டும் நீளமாகும்.

கேள்வி: அப்படியென்றால் விழுந்த கல் அடியில் புதைந்திருக்குமா?

பதில்: அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனியல் பாரிங்கர் அப்படித்தான் நம்பினார். அரிசோனாவில் 1.2 கி.மீ. அகலப் பள்ளத்தின் அடியில் பெரிய இரும்புக் கட்டி கிடக்கிறது என்று 1903 முதல் 20 ஆண்டுகளுக்கு மேல் துளை போட்டுத் தேடினார். கட்டி கிடைக்கவில்லை, வந்த இரும்பில் பெரும்பகுதி உருகி, ஆவியாகி, சிதறிப் போயிருந்தது. ஆனாலும் அது எரிமலை வாய் இல்லை, விண்கல் பள்ளம் என்று அவர் விடாமல் சொன்னது சரிதான், அந்தப் பெருமை அவருக்குச் சேர வேண்டும்.

கேள்வி: பூமியின் விட்டம் 12,700 கி.மீ. வெறும் 10 கி.மீ. கல் எப்படி டைனோசர்களை உலகம் முழுக்க அழித்தது?

பதில்: 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அது மெக்சிகோவின் யுகாத்தானில் விழுந்து 180 கி.மீ. அகலத்துக்குப் பள்ளம் போட்டது உண்மை. ஆனால் உலகத்தைக் கொன்றது பள்ளம் இல்லை, விழுந்த இடம் என்றே நான் சொல்வேன். அங்கே ஆழமில்லாத கடலுக்கு அடியில் கந்தகம் நிறைந்த ஜிப்சம் வகைப் பாறைகள் இருந்தன. 2016இல் பள்ளத்தின் உள்வளையத்தில் துளையிட்டு எடுத்த மாதிரியில் அந்தப் பாறை கிட்டத்தட்ட இல்லவே இல்லை, ஏனென்றால் ஆவியாகி மேலே போய்விட்டது. அந்தக் கந்தகமும் தூசியும் புகைக்கரியும் சேர்ந்து வெயிலை மறைத்தன, செடிகளும் கடலின் நுண்ணுயிர்களும் உணவு தயாரிப்பது நின்றது, அதைத் தின்றவை பட்டினியில் போயின.

இத்தாலியின் குப்பியோவில் இதன் தடத்தைக் கண்ணால் பார்க்கலாம். கீழே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, அதில் கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் நிறைய. அதற்கு மேல் விரல் அகலத்துக்கு ஒரு களிமண் அடுக்கு. அதற்கும் மேலே உள்ள பாறையில் அந்த ஓடுகள் ஏறக்குறைய காணாமல் போயிருக்கும். அந்தக் களிமண்ணில்தான் அல்வாரெஸ் தலைமையிலான அமெரிக்க விஞ்ஞானிகள் குழு வழக்கத்தைவிட 30 மடங்கு இரிடியம் கண்டுபிடித்து 1980இல் அறிவித்தது. பூமியின் மேற்பரப்பில் அரிதான, விண்கற்களில் அதிகமான உலோகம் அது, அதனால்தான் விண்கல் மேல் சந்தேகம் விழுந்தது.

கேள்வி: வியாழன் நம்மைக் காப்பாற்றுகிறதா?

பதில்: பாதிதான் உண்மை. 1994இல் ஷூமேக்கர்-லெவி 9 வால்மீனை அது தன் ஈர்ப்பால் இழுத்துத் தன் மேல் வாங்கிக்கொண்டது, ஆனால் சில கற்களை நம் பக்கம் திருப்பி விடுவதும் அதே வியாழன்தான்.

கேள்வி: வருகிற கல்லைத் தடுக்க முடியுமா?

பதில்: முன்கூட்டியே தெரிந்தால் தள்ளிவிடலாம். 2022இல் நாசாவின் டார்ட் விண்கலம் வேண்டுமென்றே மோதியதில், டைமார்ஃபஸ் என்ற சின்ன விண்கல் தன் பெரிய துணைக் கல்லைச் சுற்றுகிற நேரம் அரை மணிக்கு மேல் குறைந்தது. சிறிய கற்கள்தான் சொல்லாமல் வரும். 2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் வெடித்தது 20 மீட்டர் கல். வெளிச்சத்தைப் பார்க்க மக்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள், இரண்டு நிமிடத்துக்குப் பிறகு அதிர்ச்சி அலை வந்து கண்ணாடியை உடைத்தது, காயம்பட்டவர்கள் சுமார் 1,500 பேர். வானத்தில் சூரியனைப் போல ஏதாவது பளிச்சிட்டால் தயவுசெய்து முதலில் ஜன்னலை விட்டு விலகிவிடுங்கள்.