வருஷத்துச் சாமானா, வருஷத்துத் தூளா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் வீடு. நான், கணவர், மாமியார் என்று மூன்றே பேர். மகன் துபாயில் வேலை பார்க்கிறான். வருஷா வருஷம் சித்திரையில் மிளகாய், மல்லி எல்லாம் மொத்தமாக வாங்கிக் காயவைத்து, வறுத்து, மெஷினில் கொடுத்து ஐந்து கிலோ குழம்புத்தூள் அரைத்து வைப்போம். ஐப்பசி பிறப்பதற்குள் மணம் போய்விடுகிறது. போன வருஷம் வண்டும் விழுந்துவிட்டது. "எங்க காலத்துல வருசம் பூரா இருந்துச்சு, நீ வறுக்குற பக்குவந்தான் சரியில்ல" என்கிறார் மாமியார். கல்பாசி சேர்த்துக் கறி மசாலா அரைத்தாலும் மண் வாடைதான் வருகிறது. தவறு எங்கே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. அவர் காலத்தில் வருஷம் பூராவும் இருந்தது உண்மைதான். ஆனால் எது இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். முழு மிளகாய் இருந்தது, முழு மல்லி இருந்தது, சோம்பும் மிளகும் முழுசாக இருந்தன. குழம்புக்கு வேண்டியதை அன்றன்றைக்கு அம்மியில் வைத்து அரைத்தார்கள். வருஷத்துக்கு வாங்கும் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அம்மியை மட்டும் கொல்லைப்புறத்தில் சாய்த்துவிட்டோம். அதனால் வருஷத்துச் சாமான் வருஷத்துத் தூளாகிவிட்டது. இதில் உங்கள் பக்குவத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மசாலாச் சாமானின் மணம் எல்லாம் அதற்குள் இருக்கும், எளிதில் ஆவியாகிவிடும் எண்ணெய்தான். முழு மல்லிக்கு அதன் தோலே மூடி. அரைத்ததும் அந்த மூடி போய்விடும். காற்றும் வெளிச்சமும் சூடும் நேராகப் படும். முழுச் சாமான் ஒரு வருஷம், சிலது இரண்டு வருஷம்கூடத் தாங்கும். தூள் இரண்டு, மூன்று மாதம் நன்றாக இருக்கும். அதற்கு மேல் காரம் இருக்கும், வாசனை இருக்காது. உங்களுக்கு ஐப்பசியில் போவதற்கும் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழையின் ஈரக் காற்று ஒரு பக்கம், சித்திரையில் அரைத்து ஆறு மாதமான தூள் மறுபக்கம்.

சாமான் இருந்த இடத்தையும் சொல்ல வேண்டும். பழைய செட்டிநாட்டு வீட்டின் சாமான் அறைகள் கனத்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சுமாக, கோடையிலும் குளுகுளுவென்று இருட்டாக இருக்கும். பீங்கான் ஜாடிக்குள் வெளிச்சம் எட்டிப் பார்க்காது. இன்றைக்கு அந்த ஜாடிகள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் விலை பேசப்படுகின்றன. நாமோ அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் தட்டில் கண்ணாடிப் பாட்டிலை வரிசையாக அடுக்கி அழகு பார்க்கிறோம். நானும் செய்தவள்தான். ஜன்னலோரம் வைத்த என் மிளகாய்த்தூள் பாட்டிலில் வெயில் பட்ட பக்கம் வெளிறி, மறுபக்கம் மட்டும் சிவந்திருந்தது. ஒரே பாட்டிலில் இரண்டு நிறம்!

ஆகவே வருஷத்துக்கு வாங்குவதை நிறுத்த வேண்டாம், வருஷத்துக்கு அரைப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

மிளகாயில் உங்களுக்கு அதிர்ஷ்டம். பக்கத்து ராமநாதபுரத்து முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. மாசி, பங்குனி, சித்திரையில் புது மிளகாய் வரும்போது வாங்குங்கள். கையில் எடுத்துக் குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். அமுக்கினால் தொய்ந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டைப் பிட்டு உள்ளேயும் பாருங்கள். சாம்பல் பூத்திருந்தால் மூட்டையையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு வறுத்தாலும் போகாது. காம்பை இப்போது கிள்ள வேண்டாம், அரைக்கும் அன்றைக்குக் கிள்ளினால் போதும்.

வண்டுக்கு மல்லி என்றால் உயிர். வாங்கியதும் ஒரு நாள் நல்ல வெயிலில் போட்டு, நன்றாக ஆறவிட்டு டப்பாவில் அடையுங்கள். சந்தேகமாக இருந்தால் காற்றுப் புகாத பையில் கட்டி நாலைந்து நாள் ஃப்ரீசரில் வையுங்கள். முட்டையோடு செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள். குளிர் தணிந்த பிறகு பிரித்தால்தான் உள்ளே நீர் கோக்காது.

தூளை இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் அரையுங்கள். மூன்று பேருக்கு அரைக் கிலோ, முக்கால் கிலோ போதும். மெஷினுக்குப் போகச் சலிப்பாக இருந்தால் மிக்ஸியே தாங்கும். மெஷினிலிருந்து வந்த தூள் சுடச்சுட இருக்கும். அதைத் துணியில் பரப்பி முழுக்க ஆறவிட்ட பிறகே பாட்டிலில் போடுங்கள். கொதிக்கிற குழம்புக்கு மேலே பாட்டிலைச் சாய்த்துக் கொட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆவி முழுவதும் பாட்டிலுக்குள்தான் போகும். தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போங்கள்.

பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் நூறு, ஐம்பது கிராமாக வாங்கினால் போதும். மஞ்சளை மட்டும் விரலியாக வாங்கி அரையுங்கள். கடைத் தூளில் பளபளப்புக்காக ஈயம் கலந்த சாயம் சேர்ப்பது இன்றும் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது கல்பாசி. அது பூவும் இல்லை, இலையும் இல்லை. பூஞ்சையும் பாசியும் ஒட்டிச் சேர்ந்து மரத்திலும் பாறையிலும் படர்வது. பச்சையாக முகர்ந்தால் மண் வாடை வருவது அதன் இயல்பு. எண்ணெய் சூடேறியதும்தான் அதன் மணம் விழிக்கும். அதைத் தூளில் சேர்த்து அரைத்தால் நீங்கள் சொல்லும் வாடைதான் மிஞ்சும். அரைக் கிலோ கறிக்கு இரண்டு சிறு இதழ் போதும். மரப்பட்டை, மணல் எல்லாம் ஒட்டியிருக்கும், ஆய்ந்து உதறிவிட்டு, சோம்பு, பட்டை, ஒரு மராட்டி மொக்கோடு எண்ணெயில் தாளியுங்கள். வெங்காயம் அதன் பிறகு. கூடுதலாகப் போட்டால் கசக்கும். கறிவேப்பிலையை மட்டும் கணக்குப் பார்க்காமல் போடலாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு அனுப்பும் பொட்டலத்தில் கசகசா ஒரு பொட்டுக்கூட இருக்கக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். மசாலாவில் கலந்து அரைத்திருந்தாலும் சிக்கல்தான். சிங்கப்பூருக்கும் அனுமதியில்லாமல் கொண்டு போக முடியாது. அவனுக்கு அரைக்கும் மசாலாவைத் தனியாக வைத்து, குருமா கெட்டிப்பட முந்திரியோ பொட்டுக்கடலையோ போதும் என்று சொல்லி அனுப்புங்கள்.

மாமியாரிடம் வாதம் பண்ண வேண்டாம். இந்த வாரம் கால் கிலோ புதிதாக அரைத்து, சித்திரைத் தூளையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் முகரச் சொல்லுங்கள். அம்மியில் அரைத்த மூக்கு அது, உங்களைவிட முன்னால் கண்டுபிடித்துவிடும்.

மிச்சமிருக்கும் பழைய தூளைக் கருவாட்டுக் குழம்புக்கும் மீன் பொரிக்கவும் எடுத்துக்கொள்ளலாம். இறக்குவதற்கு முன் புதிதாகப் பொடித்த மிளகும் சோம்பும் ஒரு சிட்டிகை தூவினால் சமாளித்துவிடும். வண்டு விழுந்த தூளைச் சலித்து வைத்துக்கொள்ள மட்டும் நினைக்காதீர்கள், செடிக்குக் கொட்டிவிடுங்கள்.