அம்மா மெலிந்தது நல்லதா?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 47 வயது, எடை 82 கிலோ. என் வயதில் அம்மாவும் இப்படித்தான் குண்டாக இருந்தார்கள். இப்போது 71 வயது. மறதி நோய் என்று போன வருடம் சொல்லிவிட்டார்கள். அதற்குள் 9 கிலோ குறைந்துவிட்டது. "உடம்பு குறைஞ்சது நல்லதுதானே" என்கிறார் அண்ணன். சரியா? எனக்கும் இந்த நோய் வருமா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: முதலில் அம்மா. அண்ணன் சொல்வது சரியில்லை. இந்த நோயில் எடை இறங்குவது நல்ல சேதி அல்ல. வாசனை தெரியாது, பசி மங்கும், சாப்பிட்டோமா என்பதே மறந்துபோகும். மறதி வெளியே தெரிவதற்குச் சில வருடங்கள் முன்பே எடை குறையத் தொடங்குவதும் உண்டு. என் அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. ரவிக்கை தொளதொளத்தபோது, தினமும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்த பலன் என்று சந்தோஷப்பட்டேன். இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

அதனால் அவர்கள் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்த இட்லி, முட்டை, நெய்ச்சோறு, கெட்டித் தயிர் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். உங்களைப் பார்த்து அவர்களும் சாப்பிடுவார்கள். ஆனாலும் 9 கிலோ அதிகம். சர்க்கரை, தைராய்டு, பல், விழுங்குவதில் சிரமம் எல்லாவற்றையும் இந்த வாரமே டாக்டரிடம் காட்டிப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் நீங்கள். எடை குறைய வேண்டியது உங்களுக்குத்தான். நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் பருமன் பிற்கால மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் கலக்கிறது, இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. கூடவே வரும் சர்க்கரையும் பிரஷரும் மூளையின் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. 2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. பருமனும் அதில் ஒன்று. அந்த 14-ஐயும் சரிசெய்தால் உலகில் இந்த நோயாளிகளில் சுமார் 45 சதவீதம் பேருக்கு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம்.

அம்மாவுக்கு வந்ததால் உங்களுக்கும் வந்தே தீரும் என்று இல்லை. தையல் டேப்பால் வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ராத்திரி பரோட்டா, சால்னா பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். நடந்து முடித்து வந்ததும் அம்மாவைக் கைபிடித்துத் தெருமுனை வரை மெதுவாகக் கூட்டிப் போய் வாருங்கள். அவர்களுக்கும் கொஞ்சம் பசி எடுக்கும்.